நூறத்தனை வீடுகள்: நீலகிரியில் திருச்சபை வேர்விட்ட வரலாறு

இயேசு கலிலேயாக் கடலோரத்தில் சீடரை அழைத்தபோது அவர்கள் வலையையும் படகையும் தகப்பனையும் விட்டு வந்தார்கள். அப்படி விட்டு வருபவர்களுக்கு நூறத்தனையாக வீடுகளும் சகோதரரும் தாய்மாரும் நிலங்களும் இம்மையிலேயே கிடைக்கும் என்று அவர் வாக்களித்ததாக மாற்கு எழுதிய நற்செய்தி சொல்கிறது. அந்த வீடுகளும் உறவுகளும் எங்கிருந்து வரும்? முன்பே அவரைப் பின்பற்றுகிறவர்கள் தங்கள் வீட்டுக் கதவைத் திறந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஆகவே ஒருவரைக் கிறிஸ்துவின் பின்னே வரச் சொல்லும் சபை, சொன்ன அன்றைக்கே அவருக்குக் கடன்படுகிறது. ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1937-ல் கிறிஸ்துவைப் பின்பற்றுவதைப் பற்றி ஒரு நூலும், 1939-ல் விசுவாசிகளின் கூட்டு வாழ்வைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். இரண்டும் ஒரே போதனையின் இரு பாதிகள். நீலகிரியின் நானூறு ஆண்டுக் கிறிஸ்தவ வரலாறு இதற்கு நல்ல சான்று. அழைத்தவர்கள் கடனை அடைத்த இடத்தில் சபை வேர்விட்டது. அடைக்காத இடத்தில் ஏடுகளும் கட்டடங்களுமே மிஞ்சின.

அந்த வரலாற்றின் முதல் பக்கம் 1603-ல் எழுதப்பட்டது. கிழக்கே இருந்த மலைத்தொடரில் பழங்காலக் கிறிஸ்தவர்களின் மிச்சம் வாழ்கிறது என்றொரு வதந்தி மலபார்க் கரையில் உலவிற்று. அதை விசாரிக்கும்படி ஆயர் பிரான்சிஸ்கோ ரோஸ் ஆட்களை அனுப்பினார். அப்படி மலையேறியவர்தான் ஜேக்கமோ ஃபெனிச்சியோ என்ற இத்தாலிய இயேசு சபைக் குரு. அவர் தோடர்களையும் படுகர்களையும் கண்டார், பேசினார், அவர்களுடைய எருமைகளையும் பூசாரிகளையும் பற்றிக் குறிப்பு எழுதினார். தேடி வந்த கிறிஸ்தவர்கள் அங்கே இல்லை. வந்த வழியே இறங்கிவிட்டார். அவருடைய அறிக்கை இம்மலை மக்களைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய முதல் ஆவணம் என்ற வகையில் மானிடவியலாளருக்குப் பெரும் செல்வம், டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906-ல் தோடர்களைப் பற்றி வெளியிட்ட நூலின் பின்னிணைப்பில் அதைச் சேர்த்தார். ஆனால் சபை வரலாற்றில் அந்தப் பயணம் ஒரு விதையைக்கூட விட்டுச் செல்லவில்லை. செய்தியைச் சொன்னவர் தங்கவில்லை. கேட்டவர் எவரேனும் பின்பற்ற விரும்பியிருந்தாலும், போய்ச் சேர அவருக்கு ஒரு வீடு இல்லை.

அடுத்து வந்தவர்கள் தங்கினார்கள், கட்டவும் செய்தார்கள். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறி, சில ஆண்டுகளில் உதகையில் கல் வீடு கட்டினார். சென்னை ஆளுநர் லஷிங்டன் காலத்தில், 1829 ஏப்ரல் 23 அன்று, புனித ஸ்தேவான் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1830 நவம்பரில் கல்கத்தா ஆயர் டர்னர் அதை அர்ப்பணம் செய்தார். இன்றும் அந்த ஆலயத்துக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் கூரையைத் தாங்கும் பெரிய மர உத்திரங்கள் தெரியும். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து பிரித்து மலைமேல் கொண்டுவரப்பட்ட மரம் அது. பின்புறத்துக் கல்லறைத் தோட்டத்தில் சல்லிவனின் மனைவியும் மகளும் கிடக்கிறார்கள். வென்றவனின் கொள்ளைப்பொருளும் பிள்ளையை இழந்த குடும்பத்தின் துக்கமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. இரண்டில் எதையும் மறைக்கத் தேவையில்லை. ஆயினும் அந்த ஆலயம் எழுந்தபோது அது ஆங்கிலேயக் குடியிருப்பின் ஆலயம். எதிர்க் குன்றில் இருந்த படுகர் ஊரான ஹட்டிக்கும் தோடர் குடியிருப்பான மந்துக்கும் அது அண்டை வீடாகவில்லை.

மலைவாசிகளோடு சேர்ந்து வாழும் முயற்சி கேத்தியில் தொடங்கிற்று. ஓய்வுபெற்ற அதிகாரி ஜார்ஜ் ஜேம்ஸ் காசமேஜர், முன்பு ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் இருந்த கேத்தி மாளிகையில் குடியேறி, படுகப் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார். மங்களூரில் 1834 முதல் ஊழியம் செய்துவந்த பாசல் மிஷனை அவர் வரவழைக்க, 1846-ல் அவர்களுடைய பணி நீலகிரியில் ஆரம்பமாயிற்று. 1849-ல் இறந்தபோது தம் சொத்தில் பெரும்பகுதியை மிஷனுக்கே எழுதிவைத்தார். படுக மொழி கன்னடத்துக்கு நெருக்கமானது. ஆகவே கன்னடம் கற்றிருந்த மிஷனரிகளுக்குப் பேச்சு சீக்கிரம் வசப்பட்டது. அவர்களில் மெட்ஸ் என்பவர் பல பத்தாண்டுகள் ஹட்டி ஹட்டியாக நடந்தே திரிந்து, இம்மலை மக்களைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். இத்தனைக்குப் பிறகும் முதல் படுகர் ஞானஸ்நானம் பெற 1858 வரை, பன்னிரண்டு ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் பெயர் ஹாலமாடா.

ஏன் அவ்வளவு காலம் ஆயிற்று என்பதற்குப் படுகரின் இறுதிச் சடங்கிலேயே விடை இருக்கிறது. ஒருவர் இறந்தால் ஊர்ப் பெரியவர் பிணத்தருகே நின்று, இறந்தவரும் அவருடைய முன்னோரும் செய்திருக்கக்கூடிய பாவங்களை வரிசையாகச் சொல்வார். கூடியிருப்பவர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரே குரலில் பதில் சொல்வார்கள். பாவம் முழுவதும் ஒரு கன்றின்மேல் ஏற்றப்பட்டு அது விரட்டிவிடப்படும். லேவியராகமத்தில் வரும் போக்காட்டை அறிந்த மிஷனரிகளுக்கு இது வியப்பாக இருந்தது. பாவ உணர்வு இல்லாத மக்களுக்குப் பாவத்தைக் கற்பிக்க வந்ததாக எண்ணியவர்கள், பாவத்தை ஊரே சேர்ந்து சுமக்கும் மக்களைக் கண்டார்கள். மன்னிப்பைக்கூட ஊர் கூடியே வேண்டும் ஒருவரிடம் போய், ‘நீ மட்டும் தனியே மனந்திரும்பு’ என்றால், அது ஊரையும் முன்னோரையும் சாவுக்குப் பின் தனக்காக எழ வேண்டிய அந்தக் குரலையும் விடச் சொல்வதாகவே அவர் காதில் விழும். படுகர்கள் தயங்கியது போதனை விளங்காததால் அன்று. அதன் விலை அவர்களுக்கு மிக நன்றாக விளங்கிற்று.

அந்த விலையை ஹாலமாடாவும் அவர் பின் வந்தவர்களும் கொடுத்தார்கள். ஹட்டியில் உறவறுந்தவருக்கு நிலம், பெண் கொடுத்துப் பெண் எடுத்தல், சாவுக்குத் தோள் கொடுத்தல் எல்லாமே சேர்ந்து அறும். இங்கேதான் சபை தன் கடனைச் செலுத்த வேண்டியதாயிற்று. மிஷன் நிலத்தில் குடியிருப்பு, பிள்ளைகளுக்குப் பள்ளி, சாவு விழுந்தால் சவப்பெட்டி சுமக்க நாலு பேர், விதவைக்கு ஆதரவு: பிரசங்கத்தைவிட இவைதான் சபையைச் சபையாக்கின. பாசல் மிஷனார் இந்தத் தேவையை முன்பே அறிந்தவர்கள். மங்களூரிலும் கோழிக்கோட்டிலும் அவர்கள் நெசவுச் சாலையும் ஓட்டுத் தொழிற்சாலையும் நடத்தியதற்கு ஒரு முக்கியக் காரணம், மதம் மாறியதால் பிழைப்பை இழந்தவர்களுக்கு வேலை கொடுக்க வேண்டியிருந்ததே. படுகக் கிறிஸ்தவர்கள் தொகையில் சிறியவர்களாகவே இருந்தார்கள். ஆனால் பேச்சிலும் பெயரிலும் படுகராகவே இருந்துகொண்டு, தலைமுறை தலைமுறையாக நிலைத்தார்கள்.

தோடர்கள் நடுவே நடந்தது இதற்கு நேர்மாறான பாடம். கேத்தரின் லிங் என்ற ஆங்கிலேய மிஷனரி பல பத்தாண்டுகள் மந்துகளுக்குப் போய்வந்தார். மாற்கு நற்செய்தி 1897-லேயே தோடர் மொழியில் அச்சேறிற்று. தோடர் சிலர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறிஸ்தவராயினர். ஆனால் தோடரின் வாழ்வே எருமையையும் பால்மனையையும் சுற்றிச் சுழல்வது. அதை முற்றாக விட்டு வந்தவர்கள் காலப்போக்கில் மற்றத் தோடர்களிடமிருந்து பிரிந்த தனிச் சமூகமாக, வெளியே மணம் முடித்துக் கலந்துபோனார்கள். மொழி தெரிந்த, பரிவு மிக்க ஊழியம் அது. குறை அங்கே இல்லை. விடச் சொன்னது மிகப் பெரிது, அதற்கு ஈடாகத் திரும்பக் கொடுக்க முடிந்தது மிகச் சிறிது.

நீலகிரிச் சபைகளின் பெருந்தொகை இவ்விரு வழியிலும் வரவில்லை. சமவெளியிலிருந்து மலையேறி வந்தது. உதகை வளர வளரக் கொத்தனாரும் சமையற்காரரும் சிப்பாய்களும் வந்தார்கள். காப்பியும் சின்கோனாவும் தேயிலையும் பரவியபோது, மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிய குடும்பங்கள் கூட்டமாக ஏறின. அவர்களில் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இருந்தார்கள். அவர்களை யாரும் மலையில் மதம் மாற்றவில்லை. விசுவாசத்தைத் துணிமூட்டையோடு கொண்டுவந்தார்கள். வறுமை ஊரைப் பறித்துக்கொண்டது, எஸ்டேட் லைன் வீட்டில் ஒற்றை அறையைத்தான் தந்தது. பக்கத்து அறைக்காரர் வேறு மாவட்டம், வேறு சாதி. அங்கே ஞாயிறு ஆராதனையும் வாரநாள் ஜெபக்கூட்டமும் உபதேசியாரின் வருகையும் ஊரில்லாதவர்களை ஓர் ஊராகக் கூட்டின. அறுப்பின் பண்டிகையைப் பார்த்தால் இது விளங்கும். கேரட்டும் உருளைக்கிழங்கும் முட்டைகோசும் சேவலும் ஆலயத்தின் முன் வந்து குவியும். ஏலத்தில் ஒரு பூசணிக்காயை எடுத்தவரே அதைத் திரும்பக் காணிக்கையாக வைப்பார். மறுபடி ஏலம் போகும். பொருளை வாங்குவதைவிட, கொடுப்பவர்களின் வரிசையில் தானும் ஒருவர் என்று நிற்பதே அங்கே பெரிது. சம்பள நாளன்று மேஸ்திரியின் கணக்கில் கடன்காரராக நிற்பவர் இங்கே கொடையாளியாக நிற்கிறார்.

இதற்கு எழும் முதல் மறுப்பு, இவையெல்லாம் பேரரசின் நிழலில் நடந்தவை என்பது. திப்புவின் உத்திரங்கள் சாட்சியாக இருக்கும்போது அதை மறுக்க முடியாது. மிஷனுக்கு நிலம் வந்ததும் ஓர் ஆங்கிலேய அதிகாரியின் கையிலிருந்துதான். ஆனால் பேரரசு தாங்கியதால் மட்டுமே சபை நின்றது என்றால், அந்தத் தாங்கல் விலகியபோது அது விழுந்திருக்க வேண்டும். 1914-ல் போர் மூண்டதும் பாசல் மிஷனின் ஜெர்மானிய ஊழியர்களை அதே அரசு எதிரி நாட்டவராகத் தடுத்துவைத்தது, பிறகு நாடு கடத்திற்று. மிஷனின் தொழிற்சாலைகளும் கைமாறின. நீலகிரிச் சபைகள் கலையவில்லை. 1947-க்குப் பின்பு துரைமார் கப்பலேறியபோதும் கலையவில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் கிறிஸ்தவர் சுமார் 6 விழுக்காடு, நீலகிரி மாவட்டத்தில் சுமார் 11 விழுக்காடு. ஒருவருக்கொருவர் உறவான பிறகு, நிழல் தந்த மரம் போனாலும் மக்கள் போய்விடுவதில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. சபை வேறு எவருக்கு ஊராயிற்றோ இல்லையோ, தனக்குள்ளேயே சுவர் எழுப்பிக்கொண்டது என்பார்கள். உண்மைதான். துரைகள் ஓர் ஆலயத்தில் ஆங்கிலத்தில் ஆராதிக்க, அவர்களுடைய சமையற்காரர் வேறோர் ஆலயத்தில் தமிழில் ஆராதித்தார். மொழி வேறுபாடு அதற்கு ஒரு காரணம், முழுக் காரணம் ஆகாது. சமவெளியிலிருந்து விசுவாசத்தோடு சாதியும் மூட்டையில் வந்தது. இதைக் காலத்தின் குற்றம் என்று சொல்லித் தப்ப முடியாது. கொரிந்து சபையில் வசதியுள்ளவர் முந்திச் சாப்பிட, ஏழை பசியோடு நின்றபோது, அது ஆண்டவருடைய பந்தியே ஆகாது என்று பவுல் கண்டித்தார். அந்த அளவுகோல் முதல் நூற்றாண்டிலேயே சபையின் கையில் இருந்தது. அதைக் கொண்டு அளந்தால் உதகையின் பழைய பந்தி குறைபட்டதே. என்றாலும், குறையைச் சுட்டும் அளவுகோல் சபையின் வேதத்திலேயே இருப்பதால்தான் உள்ளிருந்தே திருத்தம் எழ முடிந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, ஐக்கிய சபை மரபுகள் தென்னிந்தியத் திருச்சபையாக இணைந்தன. ஆளுநர் அடிக்கல்லிட்ட ஸ்தேவான் ஆலயமும் தோட்டத் தொழிலாளியின் சிற்றாலயமும் ஒரே ஆயரின் கீழ் வந்தன. நிர்வாகம் இணைந்ததால் மனம் இணைந்துவிடாது. ஆனால் ஒரே பந்தி என்று ஒப்புக்கொண்ட பிறகு, தனிப்பந்தி வைப்பவர் விளக்கம் சொல்லியாக வேண்டும்.

இந்தக் கடன் பழங்கணக்கு ஆகிவிடவில்லை. 1854-ல் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளருக்கென ஒரு மிஷன் தொடங்கியபோது, திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் அங்கே போனார்கள். நூற்றுப்பத்து ஆண்டு கழித்து, 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையிலிருந்து இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை இந்தியாவுக்குத் திரும்ப வைப்பதென்று முடிவுசெய்தது. அவர்களில் கணிசமானோர் நீலகிரிக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேலை தருவதற்கென்றே அரசு தேயிலைத் தோட்டங்களை உருவாக்கிற்று, அதுவே டான்டீ. பிறந்த மண்ணை இரண்டாம் முறை இழந்த அந்த மக்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் சபைகளை நிறைத்தார்கள். இன்று டான்டீ சுருங்குகிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லைன் வீட்டை விட வேண்டும், போக ஊர் கிடையாது. நிலமும் பள்ளியும் மண்டபமும் உள்ள சபைகள் இதே மலையில் இருக்கின்றன. காசமேஜர் எழுதிவைத்தது போன்ற சொத்து இப்படிப்பட்ட தேவைக்கு உதவலாம். வீடிழந்த முதிய தொழிலாளிக்குக் குடியிருக்க இடமும், பட்டாவுக்காக அவரோடு தாலுகா அலுவலகம் ஏறும் துணையும் சபை கொடுக்குமானால், கிறிஸ்துவின் பின்னே வாருங்கள் என்று மலையில் சொல்ல அதற்கு உரிமை உண்டு. கொடுக்காவிட்டால் அந்த அழைப்பை ஃபெனிச்சியோவின் அறிக்கையைப் போல நூலகத்தில் வைத்துப் படிக்கலாம். எவரும் எழுந்து பின்தொடர மாட்டார்கள்.