கூரையும் மறதியும்

அமெரிக்காவில், ஃப்ளாரிடா மாகாணத்தின் தென்கோடியில் குடியிருக்கிறான் என் தமக்கையின் மகன். சில மாதங்களுக்கு முன் அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கடிதம் முழுவதும் ஒரே புலம்பல்.

"மாமா! இந்த ஊர் வெயில் நம் ஊர் வெயிலுக்கு உடன்பிறப்பு. பகலெல்லாம் கூரைக்கடியில் அடைபட்ட சூடு, ராத்திரி பத்து மணியானாலும் தணிவதில்லை. சூரிய வெளிச்சத்திலேயே ஓடும் சின்ன விசிறி ஒன்றைக் கூரையில் பதித்தால் அந்தச் சூட்டை வெளியே தள்ளிவிடுமாம். ஆசையாக வாங்கியும் வைத்துவிட்டேன். மாட்டுவதற்கு அனுமதி கேட்டால், 'இது புயலில் பறக்காது, இதன் வழியே மழை உள்ளே வராது என்று சோதித்துப் பார்த்ததற்கு அத்தாட்சி கொண்டு வா' என்கிறார்கள். ஒரு முழ அகலத்து விசிறிக்கு இத்தனை காகிதமா? நீங்களே சொல்லுங்கள்."

அவன் கேட்பது நியாயந்தானே என்றுதான் முதலில் எனக்கும் பட்டது. ஆனால் கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் அதற்குப் பின்னால் யாருடைய அழுகை இருக்கிறது என்று தேடத் தோன்றும். தேடிப் பார்த்தேன். அழுகை இருக்கத்தான் இருந்தது.

அமெரிக்க வீடுகளில் மேலே சாய்வான கூரை. அதற்குக் கீழே அறைகளை மூடும் உட்கூரை. இரண்டுக்கும் நடுவே முக்கோணமாக ஓர் இருட்டுப் பரண். கோடைப் பகலில் அந்தப் பரணின் சூடு 130 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவதும் உண்டு. அதற்குக் காற்று விட வேண்டும் என்ற விதி முதலில் பிறந்தது, வெயிலுக்காக அல்ல, குளிருக்காக. வடக்கே பனி பெய்யும் மின்னசோட்டாவில், வீட்டின் ஈரக்காற்று பரணுக்கு ஏறி, சில்லென்ற பலகையில் நீராய்ப் படிந்து மரத்தைக் கெடுப்பதை 1930-களில் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தார்கள். 1942-இல் மத்திய சர்க்காரின் வீட்டுவசதி நிர்வாகம், 300 சதுர அடிப் பரணுக்கு ஒரு சதுர அடித் துவாரம் என்று கணக்கு வகுத்தது. குளிர் தேசத்து விதி பிறகு வெயில் தேசத்துக்கும் குடிபெயர்ந்தது.

விசிறியின் வம்சாவளி வேறு. 1954 ஏப்ரலில் நியூஜெர்ஸியில் பெல் ஆராய்ச்சிச் சாலையார், சூரிய ஒளியை மின்சாரமாக்கும் சிலிக்கன் தகட்டை உலகுக்குக் காட்டினார்கள். அன்று அந்த மின்சாரம் சுழற்றியது ஒரு குட்டி விளையாட்டு ராட்டினத்தைத்தான். அந்த ராட்டினத்தின் பேரப்பிள்ளைதான் என் மருமகன் வாங்கி வைத்திருக்கும் விசிறி. வெயில் ஏற ஏற வேகமாகச் சுற்றும். வெயில் சாய்ந்தால் ஓய்ந்துவிடும். கெட்டிக்காரப் பிள்ளைதான். ஆனால் அதை மாட்டுவதற்குக் கூரையில் ஒரு துவாரம் போட வேண்டுமே! தென் ஃப்ளாரிடாவில் கூரைத் துவாரம் என்பது சாமானிய விஷயம் அல்ல.

1926 செப்டம்பர் 18-ஆம் தேதி மயாமி நகரத்தைப் பெரும் புயல் ஒன்று தாக்கியது. நகரமோ புதிது, ஜனங்களோ புயலையே பார்த்திராத வடக்கத்தியார்கள். நடுவில் காற்று திடீரென்று ஓய்ந்தது. பிழைத்தோம் என்று எல்லோரும் தெருவுக்கு வந்துவிட்டார்கள். வானிலை அதிகாரி ரிச்சர்ட் கிரே, "இது புயலின் கண்! உள்ளே போங்கள்!" என்று கூவிக் கூவிச் சொன்னார். கேட்டவர்கள் சிலர், கேளாதவர்கள் பலர். அரைமணி நேரத்துக்கெல்லாம் புயலின் மறுபாதி வந்துவிட்டது. அந்தப் புயல் கொண்டுபோன உயிர்கள் முன்னூறுக்கு மேல்.

அதற்குப் பிறகு கட்டிட விதிகள் கடுமையாயின. 1935, 1945, 1950 என்று புயல்கள் வந்து வந்து பாடம் நடத்தின. 1957-இல் மயாமியை உள்ளடக்கிய டேட் ஜில்லாவில் தென் ஃப்ளாரிடாக் கட்டிட விதித் தொகுப்பு அமலுக்கு வந்தது. அமெரிக்காவிலேயே கண்டிப்பான விதிகளில் அது ஒன்று என்று பெயர் வாங்கிற்று.

1965-இல் 'பெட்ஸி' வந்து போயிற்று. அதற்கப்புறம் 27 வருஷங்களுக்கு அந்த ஜில்லாவைப் பெரும் புயல் எதுவும் நேராகத் தாக்கவில்லை. இந்தக் கதையில் நான் மிகவும் பயப்படும் இடம் இதுதான். புயல் செய்யும் கெடுதல் ஒரு பங்கு என்றால், புயல் வராத காலம் செய்யும் கெடுதல் இரண்டு பங்கு. 1950-இல் 5 லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த டேட் ஜில்லாவின் ஜனத்தொகை, 1990-இல் 19 லட்சத்தைத் தாண்டிவிட்டது. வந்தவர்களுக்கெல்லாம் வீடு வேண்டும். அதுவும் சீக்கிரமாக வேண்டும். விதி புத்தகத்தில் பத்திரமாக இருந்தது. கூரையில் இருந்ததா என்று பார்க்க வேண்டியவர்களுக்கு நேரந்தான் இல்லை.

சுத்தியலால் ஆணி அடிக்கும் தச்சனுக்கு ஒரு வித்தை தெரியும். ஆணி மரத்தில் இறங்குகிறதா, வெறும் காற்றில் இறங்குகிறதா என்பதைக் கையே சொல்லிவிடும். காற்றழுத்தத் துப்பாக்கியால் படபடவென்று அடிக்கிறவனுக்கு அந்தச் சேதி எட்டுவதில்லை. காகிதங்களைச் சேர்த்துத் தைக்கிறோமே, அதைப் போன்ற பெரிய கம்பி ஊசிகளால் கூரைப் பலகைகளைக் கைமரங்களின்மேல் தைத்துக்கொண்டே போனார்கள். எத்தனையோ ஊசிகள் கைமரத்தைத் தொடாமல் பக்கத்திலேயே இறங்கின. மேலே தார்த் தாள் விரித்து ஓடு வேய்ந்தாகிவிட்டது. யாருக்குத் தெரியப் போகிறது?

1992 ஆகஸ்ட் 24-ஆம் தேதி அதிகாலை சுமார் 5 மணிக்குத் தெரிந்தது.

'ஆண்ட்ரூ' என்று அந்தப் புயலுக்குப் பெயர். மணிக்கு 165 மைல் வேகம் என்று பிற்பாடு கணக்கிட்டார்கள். கோரல் கேபிள்ஸ் என்னும் ஊரில் இருந்த தேசியப் புயல் மையத்தின் கூரைமேலிருந்த ரேடார் கருவியையே அது பிடுங்கி எறிந்துவிட்டது. அப்படியானால் சாதாரண வீடுகளின் கதி என்ன? ஹோம்ஸ்டெட் முதலிய ஊர்களில் ஜனங்கள் குளியலறையிலும் அலமாரி அறையிலும் புகுந்துகொண்டு, மெத்தையைத் தலைமேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு, தங்கள் கூரை பலகை பலகையாகக் கிளம்பிப் போகும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பொழுது விடிந்தபோது டேட் ஜில்லாவில் 25,000-க்கு மேற்பட்ட வீடுகள் அழிந்துபோயிருந்தன; சேதமுற்றவை ஒரு லட்சத்துக்கு மேல். நஷ்டஈடு கொடுத்து மாளாமல் 11 இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் திவாலாயின.

கூரை எப்படிப் போகிறது என்பதைக் குடை பிடித்து நடந்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். காற்று கூரைமேல் பாயும்போது அதை அமுக்குவதில்லை, மேல்நோக்கி உறிஞ்சுகிறது. அந்தச் சமயத்தில் ஒரு ஜன்னல் உடைந்தால் போதும். உள்ளே புகுந்த காற்று கீழேயிருந்து தள்ளும். வெளிக்காற்று மேலேயிருந்து இழுக்கும். குடை மடங்குவது போல வீடு திறந்துகொள்ளும். அந்த வேளையில் வீட்டைக் காப்பது சுவரின் கனம் அல்ல. ஒவ்வொரு பலகையையும் பிடித்திருக்கும் ஆணிதான்.

இன்னொரு விசேஷமும் நடந்தது. ஏழைகளுக்காக 'ஹாபிடட் ஃபார் ஹ்யூமானிடி' என்ற சங்கத்தின் தொண்டர்கள் கட்டிக்கொடுத்த எளிய வீடுகள் பெரும்பாலும் உறுதியாக நின்றன. காரணத்தைப் பாதி வேடிக்கையாகச் சொன்னார்கள்: அந்தத் தொண்டர்கள் தேர்ந்த தச்சர்கள் அல்லர், எதற்கும் இருக்கட்டும் என்று ஓர் ஆணிக்கு நாலு ஆணியாக அடித்துவிட்டார்களாம்! தேர்ந்தவனின் அவசரத்தைவிடத் தெரியாதவனின் பயம் சில சமயம் நன்றாகக் கட்டுகிறது.

ஆண்ட்ரூவுக்குப் பிறகு டேட் ஜில்லாக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். 1974-ஆம் வருஷத்துக் கிறிஸ்துமஸின்போது 'ட்ரேஸி' என்ற புயலால் தரைமட்டமான ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்துப் பாடத்தையும் சேர்த்துப் படித்தார்கள். காற்று ஒரே அடியாக அடிப்பதில்லை; அடித்து விட்டு, அடித்து விட்டு, திருகாணியைச் சுற்றித் தகட்டைக் களைக்க வைத்துக் கிழிக்கிறது என்பது அங்கே கற்ற பாடம். 1994-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, ஜன்னலோ அதன் மறைப்போ விற்க விரும்புகிறவர் அதைச் சோதனைச்சாலைக்கு அனுப்ப வேண்டும். அங்கே 9 பவுண்டு மரச்சட்டம் ஒன்றைக் குழாயில் வைத்து, வினாடிக்கு 50 அடி வேகத்தில் அதன்மேல் எய்வார்கள். அடி வாங்கிய பிறகு அதை நூற்றுக்கணக்கான தடவை காற்றழுத்தத்தால் தள்ளியும் இழுத்தும் பார்ப்பார்கள். அதையும் தாங்கினால்தான் அத்தாட்சி. கூரைத் துவாரங்களை மூடும் சாதனங்களுக்குச் சோதனை வேறு: பெரிய காற்று யந்திரத்துக்கு முன்னால் நிறுத்தி, மழையையும் சேர்த்து அடித்து, எவ்வளவு நீர் உள்ளே புகுகிறது என்று அளக்கிறார்கள். 2002 மார்ச் முதல் ஃப்ளாரிடா முழுமைக்கும் ஒரே விதித் தொகுப்பு வந்தது. மயாமி-டேட், ப்ரோவர்ட் ஆகிய இரண்டு ஜில்லாக்களுக்கு மாத்திரம் மிகக் கடுமையான தனி அத்தியாயங்கள்.

பலன் இருந்ததா? 2004-இல் 'சார்லி' புயல் மேற்குக் கரையைத் தாக்கியபோது, புது விதிப்படி கட்டிய வீடுகள் பழைய வீடுகளைவிட நன்றாகத் தாங்கின. ஆனால் அவற்றிலும் சிலவற்றில் மழைநீர் உட்கூரையை நனைத்து அறைகளைப் பாழாக்கிற்று. நீர் எந்த வழியாக வந்தது தெரியுமா? இறவாணத்தின் அடிப்பக்கத்துத் துவாரங்கள் வழியாகவும், முகட்டுத் துவாரங்கள் வழியாகவுந்தான். பரணுக்குக் காற்று விடுவதற்காக ஆசையாய் வைத்த துவாரங்கள்!

இவ்வளவையும் படித்த பிறகு என் மருமகனுக்குப் பதில் எழுதினேன்.

"சிரஞ்சீவிக்கு ஆசீர்வாதம். அந்த விசிறியைப் பற்றி ஃப்ளாரிடா சூரியசக்தி மையத்தாரே ஒரு வீட்டில் மாட்டிப் பார்த்து 2000-ஆம் வருஷத்தில் எழுதியிருக்கிறார்கள். பரணின் உச்ச வெப்பம் 20 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் குறைந்ததாம். ஆனால் வீட்டைக் குளிர்விக்கும் மின்சாரத்தில் மிச்சமானது சுமார் 6 சதவிகிதந்தானாம். ஆகையால் முதலில் பரணின் தளத்தில் வெப்பத் தடுப்புப் பஞ்சு கனமாக இருக்கிறதா என்று பார். அதற்குப் பிறகும் விசிறி வேண்டுமென்றால் அத்தாட்சி பெற்றதாகப் பார்த்து வாங்கு. எந்த ஆணி, எத்தனை ஆணி என்று அதில் எழுதியிருக்கும். அப்படியே அடிக்கச் சொல். அடிக்கும்போது நீ பக்கத்தில் நில். அந்தக் காகிதத்தைக் கண்டு கோபித்துக்கொள்ளாதே. கூரை இழந்த ஓர் ஊர், தன் மறதிக்குப் பயந்து தனக்கே எழுதி வைத்துக்கொண்ட ஞாபகக் குறிப்பு அது."

பதில் வந்தது. வாங்கிய விசிறியைத் திருப்பிக் கொடுத்துவிட்டானாம். பரணில் ஏறிப் பார்த்ததில், பழைய வீட்டின் கூரைப் பலகையில் வரிசையாக ஏழு ஊசிகள், கைமரத்துக்கு அரை அங்குலம் தள்ளி, வெறும் காற்றில் பளபளத்துக்கொண்டிருந்தனவாம்.

"கூரையைப் பிரித்து மறுபடியும் ஆணி அடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன், மாமா. வெயிலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று முடித்திருந்தான்.