ஒஸ்போண் மாளிகையின் இந்தியக் கூடம்

அரச குடும்பத்தார் வருகின்றனர் எனில் ஊரெங்கும் பந்தலிட்டுத் தோரணம் நாட்டுவது இலங்கையிற் பழகிய வழக்கம். விக்டோரியா மகாராணியாரின் இரண்டாம் மைந்தர் அல்பிரட் இளவரசர் 1870ஆம் ஆண்டில் இத்தீவுக்கு வந்தார். மூத்த மைந்தர் அல்பேட் எட்வேட் 1875ஆம் ஆண்டின் இறுதியில் வந்து, சப்பிரகமுவையில் ருவன்வெல்லைப் பக்கத்துக் காட்டில் யானை வேட்டையும் ஆடினார். றக்வான மலைச்சாரல்களிற் கோப்பி ஓங்கியிருந்த காலம் அது. இத்தகைய வரவேற்புகளின் அலங்காரம் சில நாள் வாழ்வினது. குருத்தோலை வாடியதும் அவிழ்த்தெறியப்படும். அதனைப் பின்னிய கைக்கு உரியவன் யார் என்பதை எவரும் எழுதி வைப்பதில்லை.

மைந்தர் வந்தனர், அன்னையார் வரவேயில்லை. 1877 ஜனவரி முதலாந் தேதி தில்லியில் இந்தியாவின் சக்கரவர்த்தினி எனப் பறைசாற்றப்பட்ட விக்டோரியா, அந்த இந்தியாவை ஒரு நாளேனும் கண்டவரல்லர். முதுமையில், அப்துல் கரீம் என்னும் முன்ஷியிடம் இந்துஸ்தானி பயின்றார். தாம் போக இயலாத நாட்டைத் தம் வீட்டுக்கே வரவழைக்க விரும்பினார் போலும். இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த வைட் தீவில், அவருடைய ஒஸ்போண் மாளிகையில், 1890ஆம் ஆண்டளவில் ஒரு புதிய பகுதி எழுந்தது. அதன் நடுவில் அமைந்ததே தர்பார் மண்டபம். அறுபதடி நீளம், முப்பதடி அகலம், இருபதடி உயரம் என்று ஏறக்குறையக் கூறலாம். வெறுஞ் சுவராக நின்ற அவ்விடத்தை இந்தியக் கூடமாக மாற்றியவர் ஒரு தச்சுக் குடும்பத்துப் பிள்ளை.

பாய் ராம் சிங் என்பது அவர் பெயர். 1858ஆம் ஆண்டில் பஞ்சாபில் பிறந்த சீக்கியர். அமிர்தசரஸில் வளர்ந்து குலத்தொழிலாகிய மரவேலையைக் கற்றவர். 1875இல் லாகூரில் மேயோ கலைத்தொழிற் பாடசாலை தொடங்கப்பட்டபோது அதன் முதல் மாணவர்களுள் ஒருவராய்ச் சேர்ந்தார். அதன் தலைவர் ஜோன் லொக்வூட் கிப்ளிங். ஆங்கில எழுத்தாளர் ருட்யாட் கிப்ளிங்கின் தந்தையார். மாணவனின் உளிபிடித்த கைக்கு வரைகோலும் வசமாவதை ஆசிரியர் விரைவில் உணர்ந்தார்.

மகாராணியாரின் மூன்றாம் மைந்தர் கொன்னோட் கோமகன், இந்தியாவிற் படைத்தலைவராயிருந்த நாளில் பஞ்சாபின் மரச்செதுக்கு வேலையைக் கண்டு மயங்கியவர். இங்கிலாந்தில் பாக்ஷொட் என்னுமிடத்திலுள்ள தம் மாளிகையின் பில்லியட் விளையாட்டறைக்கு அத்தகைய வேலைப்பாடு வேண்டினார். கிப்ளிங்கும் ராம் சிங்கும் உருவரைந்தனர்; பஞ்சாபித் தச்சர்கள் செதுக்கினர்; பலகைகள் கப்பலேறிச் சென்றன. அதன் சிறப்பே ஒஸ்போணுக்கும் வழி திறந்தது. மகாராணியார் ஆலோசனை கேட்க, கிப்ளிங் தம் மாணவரைப் பரிந்துரைத்தார். 1891இன் தொடக்கத்தில் ராம் சிங் கடல் கடந்து போய்ச் சேர்ந்தார்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. தச்சரான அவர் அம்மண்டபத்தை முற்றும் மரத்தாற் செய்யவில்லை. சுவரும் விதானமும் சுதை வேலை. அத்தனை பரப்பையும் மரத்திற் குடைவதாயின் காலமும் பொருளும் எவ்வளவு செலவாகும்! ராம் சிங் உருவங்களை வகுத்து மாதிரி செய்தார். லண்டனிலிருந்த ஜாக்ஸன் நிறுவனத்தார் அவற்றை அச்சில் வார்த்துப் பொருத்தினர். அச்சில் வார்த்ததெனினும் அச்சுத்தன்மை தெரியாதபடி ஆழமும் நிழலும் அமைந்திருப்பதே கைத்திறன். அடுப்பங்கணப்பின் மேலே வெண்சுதையில் ஒரு மயில் தோகை விரித்து நிற்கிறது. வாயிலின் மேலே பிள்ளையார் வீற்றிருக்கிறார். ஆங்கில நாட்டு அரசியாரின் விருந்துக்கு வந்தோரெல்லாம் அவருடைய திருமுன்னிலையிலேயே உண்டனர் என்பது எண்ணி மகிழத்தக்கது. தரையில் ஆக்ராவில் நெய்யப்பட்ட கம்பளம் விரிக்கப்பட்டது.

முகலாயம், இராசபுத்திரம், சீக்கியம் ஆகிய பல மரபுகளும் அக்கூடத்திற் கலந்துள்ளன. இந்தியாவில் எந்த ஊரிலும் அப்படியே ஒரு மண்டபத்தைக் காண இயலாது. கலப்பைக் குறையென்பாரும் உளர். வெள்ளையர் மனத்திலிருந்த இந்தியா அது என்பதும் மெய்யே. ஆயினும், ஒவ்வொரு கொடியும் பூவும் எங்கிருந்து முளைத்து எங்கே முடிகிறது என்பதை அறிந்த கை வரைந்தது என்பதும் மெய்.

பெயர் பற்றிய வழக்கு ஒன்று எஞ்சுகிறது. கிப்ளிங்கின் புகழொளியில் மாணவரின் பெயர் நெடுங்காலம் மங்கியே கிடந்தது. எனினும், பந்தல் பின்னியோர்க்கு வாய்க்காத ஒரு பேறு ராம் சிங்குக்கு வாய்த்தது. வியன்னா நகர ஓவியர் ருடோல்ப் ஸ்வோபோடா, மகாராணியாருக்காக இந்தியர் பலரின் முகங்களைத் தீட்டியவர். அவர் ராம் சிங்கையும் தீட்டினார்.

தாயகம் மீண்ட ராம் சிங், அமிர்தசரஸ் கால்ஸா கல்லூரி முதலிய பெருங்கட்டடங்களுக்கு உருக்கொடுத்தார். தாம் பயின்ற லாகூர்ப் பாடசாலைக்கே 1910இல் தலைவரானார். அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. 1916இல் மறைந்தார். மகாராணியார் 1901 ஜனவரி 22ஆந் தேதி ஒஸ்போணிலேயே உயிர் நீத்தார். மறு ஆண்டில் புதிய மன்னர் அம்மாளிகையை நாட்டுக்கு அளித்துவிட்டார். தர்பார் மண்டபம் இன்று பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. மயில் இன்னும் தோகை மடக்கவில்லை.