சபை ஊழியத்துக்கு ஒரு மென்பொருள்: என்ன பயன், எதில் கவனம்?

சனிக்கிழமை இரவு, வாட்ஸ்அப் குழுவில் "நாளைக்கு கீபோர்ட் யாரு?" என்று கேள்வி வருகிறதா? உங்கள் சபை சுங்கை பூலோவில் இருந்தாலும் பிரிக்பீல்ட்ஸில் இருந்தாலும் இந்தத் தலைவலி ஒன்றுதான்.

2006-இல் அமெரிக்காவில் தொடங்கிய பிளானிங் சென்டர் போன்ற மென்பொருள்கள் இதற்கு உதவும். ஆராதனை, ஞாயிறு பள்ளி, வரவேற்பு எனப் பணிப் பட்டியல் போடலாம். உங்களுக்கு அழைப்பு வரும், ஏற்கலாம், மறுக்கலாம். வர முடியாத தேதிகளை முன்பே குறித்துவிடலாம். ஒரே ஆள் வாராவாரம் சுமப்பதும் பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஆனால், மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, மத நம்பிக்கையை அதிகக் கவனம் தேவைப்படும் தரவாக வகைப்படுத்துகிறது. அது வணிகப் பரிவர்த்தனைகளுக்கான சட்டம்தான். இருந்தாலும், ஜெப விண்ணப்பங்களையும் பிள்ளைகளின் விவரங்களையும் யார் பார்க்கலாம் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். பொறுப்பிலிருந்து விலகியவரின் அனுமதியை அன்றைக்கே நீக்கிவிடுங்கள்.