லயத்துக்கு வந்த டியூப் லைட்டு

மலாயாவில் மின்சாரம் முதலில் கால் வைத்தது கோலாலம்பூரில் அல்ல. எங்கள் சுங்கை சோவுக்குத் தெற்கே, சில மைலில் இருக்கும் ராவாங்கில். 1894-இல் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்தில் ஜெனரேட்டர் வைத்தார்கள். பத்துமலை என்றதும் பிள்ளையவர்களை நினைக்கிறோம். வயர்மேன் வேலையிலேயே வயதாகிவிட்ட நான் அந்த ஜெனரேட்டருக்காகவும் அவரை நினைப்பவன். ஆனால் அந்த மின்சாரம் பக்கத்துத் தோட்டங்களின் தொழிலாளர் லயத்து வீடுகளுக்கு வந்து சேர இரண்டு மூன்று தலைமுறை ஆனது.

எங்கள் தோட்டத்தில் ஜெனரேட்டர் முதலில் ஓடியது துரை பங்களாவுக்கும் ஆலைக்கும். பிறகு ஆபீசு, கிராணி வீடுகள். கடைசியில்தான் லயம். அதுவும் பொழுது சாய்ந்ததிலிருந்து பத்து மணி வரைக்கும், வீட்டுக்கு ஒரு குண்டு பல்பு. நாற்பது வாட்ஸ் குண்டு பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய 400 லூமன். அதே நாற்பது வாட்ஸில் டியூப் லைட்டு அதைப்போல ஆறு மடங்கு தரும். அமெரிக்காவில் அது 1938-இலேயே கடைக்கு வந்துவிட்டது. எங்களுக்கு முதலில் வந்தது பெரட்டுக்களத்துக்கு. விடியுமுன் பேர் கூப்பிட வெளிச்சம் வேண்டுமே! பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதற்குப் பிறகும் குண்டு பல்பின் அடியில்தான் படித்தார்கள். இந்த வரிசையை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

அந்தப் பழைய டியூப் தடிமனானது, 38 மில்லிமீட்டர். அங்குலத்தை எட்டாகப் பிரித்துக் கணக்கிடுவதால் அது டி12. உள்ளே சொட்டுப் பாதரச ஆவியும் ஆர்கான் வாயுவும். மின்சாரம் பாயும்போது பாதரசம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை விடும். கண்ணாடியின் உட்பக்கம் பூசிய வெள்ளைப் பொடிதான் அதை வெளிச்சமாக்கும். ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் ஈருலோகத் தகடு சூடேறி ஒட்டிப் பிரியும் நொடியில், சோக் என்ற கம்பிச்சுருள் ஒரு மின்னழுத்த உதை கொடுத்து டியூபை ஏற்றிவிடும். ஏறியபின் ஸ்டார்ட்டரைக் கழற்றினாலும் விளக்கு அணையாது. இதைச் செய்து காட்டித்தான் பையன்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தேன்.

ஜெனரேட்டருக்குத் தூரமான கடைசி லயத்தில் வோல்டேஜ் இறங்கிப்போகும். குண்டு பல்பு சிவந்தாவது எரியும். டியூபுக்கு அந்தப் பொறுமை இல்லை. “தம்பி, ராவெல்லாம் சிமிட்டிக்கிட்டே கெடக்குப்பா” என்று ஒரு பாட்டி கூப்பிட்டுக் காட்டுவார். ஸ்டார்ட்டர் முட்டி முட்டி, டியூபின் இரு முனையும் கறுத்துவிடும். கோளாறு டியூபில் இல்லை, தோட்டம் இழுத்திருந்த மெல்லிய வயரில்.

அடுத்து வந்தது 26 மில்லிமீட்டர் டி8, 36 வாட்ஸ். நீளம் அதேதான், பழைய சட்டத்திலும் சோக்கிலும் அப்படியே பொருந்தும். மூவண்ணப் பூச்சுள்ளதை வாங்கியவர்கள் வீட்டில் குங்குமம் குங்குமமாகவே தெரிந்தது. பழைய பூச்சில் மனித முகமே வெளிறிக் கிடக்கும். லயத்துக்கு எது சிறந்தது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். விளக்கு முரண்டு பிடித்தால், ஸ்டார்ட்டரைத் திருகி எடுத்து வேறு போட வீட்டுப் பெண்களுக்கே தெரியும். இதற்கிடையில், 1990-ஆம் ஆண்டுச் சட்டம், தொழிலாளர் வீட்டுக்குப் போதிய மின்சாரம் தருவது முதலாளியின் கடமை என்றது. ராவாங் ஜெனரேட்டருக்கு அப்போது வயது 96.

விரல் பருமனில், 16 மில்லிமீட்டரில் டி5 வந்தது தொண்ணூறுகளின் நடுவில். 28 வாட்ஸ், மின்னணு பாலஸ்ட், சிமிட்டாது, முனகாது. டி8 இருபத்தைந்து டிகிரிச் சூட்டில் முழு வெளிச்சம் தரும். டி5-க்கு முப்பத்தைந்து டிகிரி வேண்டும். தகரக் கூரையடிப் புழுக்கத்துக்கென்றே செய்ததுபோல! ஆனால் அது வந்த நாளில் லயங்கள் காலியாகிக்கொண்டிருந்தன. 1993-இல் தொடங்கிய பெரோடுவாவின் கார்த் தொழிற்சாலை சுங்கை சோவில் எழுந்தது; ரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் தாமான்கள் எனும் புதுக் குடியிருப்புகள் முளைத்தன. நான் டி5 மாட்டியதெல்லாம் தாமான் வீடுகளின் பிளாஸ்டர் சீலிங்கில்தான்.

2023-இல் ஜெனீவாவில் கூடிய மினமாட்டா ஒப்பந்த நாடுகள், பாதரசம் உள்ள இந்த நீள டியூப்களின் உற்பத்தியை 2027-க்குள் நிறுத்த முடிவு செய்தன. இப்போது வீடு வீடாக எல்.இ.டி. மாட்டுகிறேன். கழற்றிய டியூபைச் செம்பனைக் காட்டு வாய்க்காலில் வீச யாரையும் விடமாட்டேன். பழைய தாளில் சுற்றி, உடையாமல் நானே எடுத்துப் போகிறேன். அந்த வாய்க்கால் நீர் ஆற்றுக்குத்தான் போகிறது.