மரமும் மிதிபடகும்

விக்கிரவாண்டியிலிருந்து மரக்காணம் கடற்கரைக்குத் திண்டிவனம் வழியாக ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஊரில் இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடப் பெடல் கயாக் என்னும் மிதிபடகு ஒன்று வாங்கலாமா என்று யோசிப்பவர் இந்தத் தூரத்தையும் விலையோடு சேர்த்துக் கூட்டிக்கொள்ள வேண்டும். விலையைக் கேட்டு மலைப்பவர்கள் எடையைக் கேட்பதே இல்லை. படகின் எடையை எப்படிக் கையாள்வது என்பதற்கு நம் கரையிலேயே பழைய பாடம் ஒன்று உண்டு. கட்டுமரம்.

இவை இரண்டுக்கும் தூரத்து உறவும் உண்டு. காலால் மிதித்து ஓட்டும் ‘மிராஜ்’ பொறியை 1997-இல் கயாக்கில் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் ஹோபி கேட் நிறுவனம். 1960-களின் கடைசியில் இரட்டை உடல் பாய்ப்படகுகளால் பெயர் வாங்கிய நிறுவனம் அது. பெயரிலுள்ள ‘கேட்’ பூனை இல்லை. ‘கேட்டமரான்’ என்பதன் தலைப்பாதி. அந்தச் சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது. சொல்லை வாங்கிக்கொண்டவர்கள், கட்டி அவிழ்க்கும் வித்தையைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

கட்டுமரத்தை மீனவர்கள் வெறுமனே ‘மரம்’ என்பார்கள். எடை குறைந்த கட்டைகளைச் செதுக்கிப் பக்கம் பக்கமாக அடுக்கிக் கயிற்றால் வரிந்து கட்டுவார்கள். தொழிலுக்குப் போய்த் திரும்பியதும் கயிற்றை அவிழ்த்து, ஒவ்வொரு கட்டையாகத் தோளில் சுமந்து மேட்டு மணலில் காயப் போடுவார்கள். தண்ணீர் குடித்த மரம் கனக்கும், மிதப்பும் குறையும். அதனால் காயவிட்டே ஆக வேண்டும். ஒதுங்கத் துறைமுகம் இல்லாமல், அலை உடையும் இடத்திலேயே ஏறி இறங்க வேண்டிய கரை இது. தோள் தாங்கும் துண்டுகளாகவே படகைச் செய்துவிட்டால், கரையேற்ற வேறு எந்திரமும் வேண்டாம், கூலியும் வேண்டாம்.

மிதிபடகு நேர்மாறு. அதன் உடல் ஒரே வார்ப்பு, பெரும்பாலும் பாலிஎத்திலீன். இருக்கையையும் பெடல் பொறியையும் சுக்கானையும் கழற்றலாம், உடலைப் பிரிக்க முடியாது. மூன்று மீட்டர் நீளத்துச் சிறியது ஏறக்குறைய 35 கிலோ வரும். நின்றுகொண்டே தூண்டில் வீசலாம் என்று விற்கப்படும் அகலமான நான்கு மீட்டர் படகு, எல்லாச் சாமான்களோடும் 60 கிலோவைத் தாண்டிவிடும். அதைக் காரின் கூரைக்கு ஏற்ற இரண்டு பேர் வேண்டும். கூரை எவ்வளவு தாங்கும் என்பதைக் கார்க் கையேட்டில் முதலில் பார்த்துவிடுங்கள். தாங்காதென்றால் டிரெய்லர், அதை நிறுத்த இடம் என்று செலவு நீளும். காற்றடைத்து விரிக்கும் வகை டிக்கியிலேயே அடங்கும். மட்டி அப்பிய பாறையும் மீன் முள்ளும் உள்ள இடத்தில் அதை நம்பி இறங்க எனக்கு மனம் வராது.

தண்ணீரில் இறங்கிய பிறகு கயாக்குக்கே முழு மதிப்பெண். கால் மிதிக்கும்போது கை இரண்டும் தூண்டிலுக்குக் கிடைக்கின்றன. கட்டுமரத்தில் ஒருவர் துடுப்பை விட்டால்தான் வலையைத் தொட முடியும். மிராஜ் பொறியில் இரண்டு துடுப்புச் செதில்கள் பெங்குவின் சிறகைப் போல இடமும் வலமும் அடிக்கும். ஆழம் குறைந்தால் அவற்றை உடலோடு ஒட்டி மடக்கிக்கொள்ளலாம். சைக்கிள் போலச் சுற்றி மிதிக்கும் விசிறி வகையில் பின்னுக்கு மிதித்தால் படகும் பின்னால் வரும். பாசி உள்ள நீரில் விசிறி சிக்கிக்கொள்ளும். ஒன்றில் மட்டும் மரத்துக்கும் கயாக்குக்கும் ஒரே புத்தி: கட்டுமரத்தில் ஏறும் அலை கட்டைகளின் இடுக்கில் வடிகிறது, மேலே உட்கார்ந்து ஓட்டும் கயாக்கில் அதற்கென்று துளைகள் வைத்திருக்கிறார்கள்.

விலைக்கு வருவோம். நல்ல பெடல் கயாக்குகள் வெளிநாட்டிலேயே ஆயிரம் டாலருக்கு மேல். பெரியவை பல ஆயிரம். இங்கே வந்து சேரும்போது கப்பல் கூலியும் சுங்கமும் ஏறும். மீன்பிடிப் படகுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். உல்லாசப் படகுகளுக்கோ 2025 செப்டம்பரிலிருந்து 40. எந்தத் தலைப்பில் வரி போடுகிறார்கள் என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கட்டுமரமே இன்று அரிதாகிவிட்டது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் ஏராளமாக வந்தன. எஞ்சின் வந்தது, போகும் தூரம் கூடியது, மீனவருக்கு அது லாபம்தான். ஆனால் தோளில் ஏறிய படகு போய், டிராக்டர் வைத்து இழுக்கும் படகு பல கரைகளில் வந்துவிட்டது. மிதிபடகு வாங்குபவர் மாட்டிக்கொள்வதும் இதே கணக்கில்தான்.

எங்கே மிதக்கவிடுவது என்பதும் இருக்கிறது. மரக்காணத்தை ஒட்டிய கழுவேலி, ஆழமில்லாத அகன்ற நீர்ப்பரப்பு. கயாக்குக்கென்றே செய்தது போல இருக்கும். ஆனால் அது 2021 முதல் பறவைகள் சரணாலயம், ஆசைப்படாதீர்கள். பக்கத்திலேயே வீடூர் அணை இருக்கிறதே என்றால், அணை, ஏரி மீன்கள் பெரும்பாலும் யாரோ ஒருவரின் குத்தகையில் இருக்கும். விசாரித்து அனுமதி வாங்காமல் தூண்டில் போடக் கூடாது. மிஞ்சுவது கடல். லைஃப் ஜாக்கெட் இல்லாமல், துணைக்கு ஒருவர் இல்லாமல் அதில் இறங்காதீர்கள்.

அந்தத் துணை எல்லா வாரமும் வருவார் என்றால் பெரிய படகையே வாங்கலாம். தனியாள் என்றால் சிறியதுதான், நின்று வீசும் ஆசையை விட்டுவிட வேண்டும். எதுவானாலும் முன்பணம் கட்டுவதற்கு முன், கடைக்காரரை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, உங்கள் காரின் மேல் அதை நீங்களே ஒருமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள்.