புல்வெளியில் ஒரு கொடும் பனிக்காலம்

நம் மொழியில் 'மாடு' என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருள் உண்டு. ஆனால் மாட்டைச் செல்வமாக மட்டும் எண்ணுவோர், அது பசிக்கும் குளிருக்கும் ஆட்படும் உயிர் என்பதை மறந்தால் என்ன நேரும்? அமெரிக்க வரலாற்றில் இவ்வினாவுக்கு விடை கூறும் பனிக்காலம் ஒன்று உண்டு.

1865ஆம் ஆண்டில் அந்நாட்டின் உள்நாட்டுப் போர் முடிவுற்றது. அதன்பின் டெக்சாஸ் மாநிலத்து மாடுகள் மந்தை மந்தையாக வடக்கே ஓட்டிச் செல்லப்பட்டன. பழங்குடி மக்கள் ஒதுக்கப்பட்டு, காட்டெருமைகளும் வேட்டையாடி அழிக்கப்பட்டமையால், மான்டானா, வயோமிங், டகோட்டா பகுதிகளின் பரந்த புல்வெளிகள் மந்தைகளுக்குத் திறந்து கிடந்தன. புல்லுக்கு விலையில்லை, மாட்டுக்குக் கொட்டிலும் இல்லை. இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் பணமுதல் வந்து குவிந்தது. குளிர்காலத்திற்கென உலர்புல் சேர்த்து வைத்தவர் மிகச் சிலரே. மாடு தானே மேய்ந்து பிழைத்துக்கொள்ளும் என்று மற்றவர் நம்பினர்.

1886ஆம் ஆண்டுக் கோடையில் மழை பொய்த்தது. அளவுக்கு மிஞ்சிய மந்தைகளால் புல் முன்னரே தேய்ந்திருந்தது. நவம்பரிலேயே பனி கொட்டத் தொடங்கியது. இடையே சற்று உருகிய பனி மீண்டும் உறைந்து, நிலத்தின்மீது கண்ணாடிபோல் இறுகியது. குதிரை குளம்பால் பனியைக் கிளறி மேயும். காட்டெருமை தலையால் ஒதுக்கி மேயும். மாட்டுக்கு அத்திறன் குறைவு. 1887 ஜனவரியில் பனிப்புயல்கள் அடுத்தடுத்து வீசின. இளவேனிலில் பனி உருகியபோது ஆறுகளில் மாட்டுப் பிணங்கள் மிதந்தன. மாண்டவை பல லட்சம் என மதிப்பிடுவர். பின்னாளில் குடியரசுத் தலைவரான தியோடர் ரூஸ்வெல்ட்டும் தம் மந்தையில் பாதிக்குமேல் இழந்தார்.

மந்தையின் நிலை என்னவென்று ஓர் உரிமையாளர் கடிதத்தில் கேட்டார். அங்குப் பணிபுரிந்த சார்லஸ் ரஸ்ஸல் என்னும் இளைஞர், எலும்பும் தோலுமாய் நிற்கும் ஒரு மாட்டையும் அதன் சாவுக்குக் காத்திருக்கும் ஓநாய்களையும் சிறு அட்டையொன்றில் தீட்டினார். அதுவே விடையாயிற்று!

அப்பேரிழப்பின் பின்னரே மந்தைகள் சிறுத்தன, வேலிகள் எழுந்தன, உலர்புற்போர்கள் உயர்ந்தன. இதன் காரணத்தை மாணவர்கள் அறிதல் நன்று. மாட்டின் இரைப்பையில் தீனி நொதிக்கும்போது வெப்பம் பிறக்கிறது. ஆதலால் குளிர் மிகுந்தால் தீனியும் மிகவேண்டும். உலர்ந்த உரோமம் போர்வையாகும். நனைந்தால் அப்பயன் போய்விடும். பிறந்த கன்றுக்கோ வயிற்றில் அவ்வடுப்பு இன்னும் மூளவில்லை. ஈரத்தைத் துடைத்து, சில மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்டி, காற்றை மறைத்து, உலர்ந்த வைக்கோற் படுக்கையில் கிடத்தினால்தான் அது பிழைக்கும்.

அக்கொடுமையைக் கண்ட கிரான்வில் ஸ்டூவர்ட் என்னும் மான்டானாப் பண்ணையாளர், தம்மால் உணவும் உறைவிடமும் அளிக்க இயலாத விலங்கை மீண்டும் உடைமையாக்கிக் கொள்ளத் தாம் விரும்பியதே இல்லை என்று எழுதினார். உடைமை என்பது உரிமை மட்டுமன்று, பொறுப்புமாகும் என்பதே அப்பனிக்காலம் புகட்டிய பாடம்.