காற்பங்கும் கருவியும்: வகுப்பறைத் தொழில்நுட்பங்கள் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கற்பித்தலில் தொழில்நுட்பம் என்றதும் கணினியையும் இணையத்தையும் மட்டுமே எண்ணுவது இன்றைய வழக்கம். மணல், ஓலை, எழுத்தாணி, அச்சுநூல், கரும்பலகை ஆகியனவும் தத்தம் காலத்துத் தொழில்நுட்பங்களே. புதிய கருவி வகுப்பறைக்குள் நுழையும்போது கற்றலின் எப்பகுதி வளர்கிறது, எப்பகுதி நலிகிறது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

நன்னூலின் அளவுகோல்

இவ்வாய்வுக்கு உரிய அளவுகோலை நன்னூலின் பொதுப்பாயிரம் தருகிறது. ஆசிரியர் உரைப்பதைச் செவ்வனே உள்வாங்கினாலும் மாணவன் அடைவது புலமையில் காற்பங்கே. உடன் பயில்வோரொடு பழகுவதால் மற்றொரு காற்பங்கும், கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்பது பவணந்தியார் கருத்து. கேட்டலினும் உரைத்தலுக்கே அவர் மிகுந்த இடம் அளித்துள்ளமை கருதத்தக்கது.

மணலும் அச்சும்

திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகிய பின்னரே ஓலைக்குச் சென்றனர். எண்சுவடியை உரக்கச் சொல்லி மனத்தில் இருத்தினர். சட்டாம்பிள்ளை இளையோர்க்குச் சொல்லிக்கொடுத்தான்; அதனால் தானும் கற்றான். 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லமொன்றின் பொறுப்பை ஏற்றிருந்த ஆண்ட்ரூ பெல், மணலெழுத்தையும் மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையும் அங்குக் கையாண்டார். அதுபற்றிய அவரது நூல் 1797இல் இலண்டனில் வெளிவந்தது. 'மதராஸ் முறை' என அது இங்கிலாந்தில் பரவியது.

எனினும் திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாகக் கொள்ளுதல் பொருந்தாது. சாதியாலும் பாலினத்தாலும் விலக்கப்பட்டோர் பலர். அச்சுநூல் பெருகியபோது நினைவாற்றலின் இடம் சுருங்கியது. ஆயின் நூல் ஒரு சிலரது உடைமையாக இருந்த நிலையும் தளர்ந்தது. கருவியின் வரவு இழப்பும் ஈட்டமும் கலந்ததே.

வானிலிருந்து வந்த பாடம்

1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள்வழி ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 ஊர்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் சென்றடைந்தன. மின்வசதியும் சாலையும் அரிதாக இருந்த ஊர்ப் பிள்ளைகளும் அறிவியல் பாடங்களைக் கண்டனர். இஃது அரிய செயல். ஆனால் பிள்ளையின் ஐயம் திரும்பிச் செல்ல வழியில்லை. 2004 செப்டம்பர் 20 அன்று ஏவப்பட்ட எடுசாட் இக்குறையை ஓரளவு நீக்கியது. அதனோடு இணைந்த வகுப்பறைகளுள் சிலவற்றிலிருந்து வினா எழுப்ப இயன்றது. மிகப் பலவோ பாடத்தைப் பெற மட்டுமே வல்லனவாய் இருந்தன. முதற் காற்பங்கு நாடெங்கும் விரிந்தது. ஏனைய முக்காற்பங்கு அந்த அளவு விரியவில்லை.

2020உம் அதன் பின்னும்

2020 மார்ச்சில் கல்விக்கூடங்கள் மூடப்பட்டபோது பாடம் கைபேசித் திரைக்குள் புகுந்தது. இருவழிப் பேச்சு இயலுமாயினும், இக்கட்டுரையாளர் நடத்திய இணைய வகுப்புகளில் ஒலிவாங்கியை அணைத்து வைத்திருந்த மாணவரே மிகுதி. ஒரே கைபேசியை உடன்பிறந்தாரோடு பகிர்ந்தோரும், ஆள் நிறைந்த அறையில் வாய்திறக்கக் கூசியோரும் அவருள் இருந்தனர். கருவி வழிவிட்டும் சூழல் விடவில்லை.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பின்னர்ச் சிக்கல் வேறு வடிவம் கொண்டது. முன்னைய கருவிகள் ஆசிரியர் உரைப்பதைத் தொலைவுக்கு எடுத்துச் சென்றன. இக்கருவியோ மாணவன் உரைக்கவேண்டியதையே எழுதித் தருகிறது. ஒரு பாடலின் பொருளை மாணவன் தடுமாறித் தன் சொல்லில் விளக்கும் வேளையில்தான் அவனது கல்வி நிகழ்கிறது. அந்த அரைப்பங்கு இப்போது முதன்முறையாகக் கருவியின் கைக்குச் செல்கிறது.

முடிவுரை

கருவியை விலக்குதல் தீர்வன்று. விலக்கிய காலமும் இல்லை. மாணவன் வாய்திறக்க அக்கருவி இடம் தருகிறதா என்பதே அதனை ஏற்பதற்குரிய உரைகல். வீட்டில் எழுதிவரும் ஒப்படைப்பைக் காட்டிலும், வகுப்பில் எழுந்து நின்று விளக்குதலுக்குத் தமிழ்த்துறைகள் கூடுதல் நேரமும் மதிப்பெண்ணும் அளித்தல் வேண்டும். சட்டாம்பிள்ளையின் இடத்தை மாணவர் அனைவர்க்கும் முறைவைத்து வழங்குதல் இன்றைய தேவையாகும்.